ஹேர் எக்ஸ்டென்ஷன் வாங்குவதற்கு முன்: முகம், முடி, உங்கள் அன்றாடம்

முதல்முறையாக ஹேர் எக்ஸ்டென்ஷன் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "என் முகத்துக்கு எது பொருந்தும்?" என்பதுதான். நியாயமான கேள்வி, அதற்கும் வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உங்களிடம் நான் கேட்க வேண்டியது வேறு மூன்று இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் உண்டா? முடியைப் பெரும்பாலும் பின்னுவீர்களா, விரித்து விடுவீர்களா? தினமும் ஹெல்மெட் போடுகிறீர்களா? இதற்கெல்லாம் பதில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். முகவடிவப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு ஆசையாக வாங்கிய முடி, இரண்டு விசேஷத்துக்கு அப்புறம் பீரோவிலேயே கிடப்பதை நிறையப் பார்த்தாயிற்று.

ஒட்டுமுடி நமக்குப் புதிய விஷயமே இல்லை. சவுரி வைத்துப் பின்னாத கல்யாணப் பெண்ணோ பரதநாட்டிய மேடையோ நம் ஊரில் அபூர்வம். மேலே நூலால் இறுக்கிக் கட்டிய ஒரு முடிக்கற்றை, அதைச் சொந்த முடியோடு சேர்த்துப் பின்னினால் சடை நீளமாகவும் தடியாகவும் தெரியும், ராத்திரி அவிழ்த்து வைத்துவிடலாம். இன்று சலூன்களில் வைக்கும் எக்ஸ்டென்ஷனும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கிறது. வித்தியாசம் எங்கே என்றால், விரித்து விட்டாலும் இணைப்பு தெரியக்கூடாது என்பதற்காக அதைத் தலையில் பொருத்தும் முறைகள் பல வந்துவிட்டன. அந்த முறைகளில்தான் நல்லதும் இருக்கிறது, முடிக்கு ஆபத்தானதும் இருக்கிறது.

முதலில் முடியைப் பற்றி. "நூறு சதவீதம் மனித முடி" என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அந்த வரி மட்டும் உங்களுக்கு எதையும் சொல்வதில்லை. மனித முடியிலேயே இரண்டு வழியாக வருவது உண்டு. ஒன்று, ஒரே தலையிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்தது. திருப்பதி, பழனி, திருத்தணி, சமயபுரம் என்று நாம் மொட்டை போட்டுக்கொள்ளும் கோயில்களின் காணிக்கை முடி இந்த வகை. திருமலையில் சேரும் முடியை நீளவாரியாகத் தரம் பிரித்து மின்னணு ஏலத்தில் விற்கிறார்கள், அது சென்னை, ஆந்திரா பக்கமுள்ள ஆலைகளுக்குப் போய்ச் சுத்தமாகி உலகம் முழுக்கப் போகிறது. இன்னொன்று சிக்கு முடி. சீப்பில் வருவதைச் சுருட்டி வைத்திருந்து, தெருவில் வருபவரிடம் போட்டுப் பாத்திரமோ கிளிப்போ வாங்கிக்கொள்வோமே, அந்த முடி. அதையும் கோணிக் கணக்கில் சேர்த்து, சிக்கெடுத்து, சுத்தம் செய்து விற்கிறார்கள். பல குடும்பங்கள் இந்தத் தொழிலில் பிழைக்கின்றன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் தலைக்கு வரும்போது மட்டும் இரண்டுக்கும் நடத்தை வேறு.

ஏன் என்றால், முடியின் மேல்தோல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், எல்லாச் செதிலும் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். ஒரே தலை முடியை வேர்ப்பக்கம் மேலே, நுனி கீழே என்று ஒழுங்கு குலையாமல் கட்டி வைத்தால், அது சொந்த முடி போலவே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். இதைத்தான் ரெமி முடி என்கிறார்கள். சிக்கு முடியில் வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்திருக்கும், செதில்கள் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும். அதைச் சரிக்கட்ட, அமிலத்தில் போட்டுச் செதிலைக் கரைத்துவிட்டு, மேலே சிலிக்கோன் பூச்சு கொடுக்கிறார்கள். கடையில் பார்க்கும்போது ரெமி முடியைவிட இதுதான் பளபளப்பாக இருக்கும்! நாலைந்து முறை அலசியதும் பூச்சு போய், பிடரிப் பக்கம் சடைபிடிக்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம் எந்தக் கண்டிஷனர் போட்டாலும் திரும்பாது, ஏனென்றால் சரிசெய்ய அங்கே செதிலே இல்லை.

இதைக் கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சின்னக் கற்றையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, மேலிருந்து கீழே இழுங்கள், வழுக்கும். பிறகு நுனியிலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். லேசாகச் சொரசொரவென்று தடுத்தால் செதில் இருக்கிறது என்று அர்த்தம், நல்ல அறிகுறி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கண்ணாடியாக வழுக்கினால் சந்தேகப்படுங்கள். ஒரே ஒரு இழையைக் கேட்டு வாங்கி, வெளியே வந்து கொளுத்திப் பார்ப்பதும் உண்டு. மனித முடி கருகி, விரலில் நசுக்கினால் பொடியாகும், முடி பொசுங்கும் வாடை வரும். செயற்கை இழை உருகிச் சின்ன உருண்டையாக இறுகிவிடும். ஆனால் இந்தச் சோதனை ரெமியா இல்லையா என்று சொல்லாது, சிக்கு முடியும் மனித முடிதானே. அதனால் விரல் சோதனைதான் முக்கியம். முடிந்தால் முழு செட்டையும் வாங்குவதற்கு முன் முடி தைத்த ஒரே ஒரு பட்டையை வாங்கி, வீட்டில் நாலு தடவை ஷாம்பு போட்டு அலசிக் காயவைத்துப் பாருங்கள். அதைவிட உண்மையான சோதனை கிடையாது.

பிரேசிலியன், பெருவியன், 8ஏ, 10ஏ என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்தக் கிரேடுகளுக்கு எந்தப் பொது அளவுகோலும் இல்லை, விற்பவர் வைத்ததுதான் கிரேடு. நாட்டுப் பெயர்களும் பெரும்பாலும் முடியின் அலை எப்படி என்று காட்டும் வியாபாரப் பெயர்கள்தான். அதற்குப் பதில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை கிராம், சிங்கிள் டிரானா டபுள் டிரானா. சிங்கிள் டிரான் என்றால் குட்டையும் நெட்டையும் கலந்திருக்கும், மேலே அடர்த்தியாக இருந்து நுனிக்குப் போகப் போக மெலியும். டபுள் டிரானில் குட்டை முடிகளைக் கையால் பிரித்து எடுத்துவிடுவார்கள், மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே தடிமன். விலை கூட. இயல்பாகத் தெரிய வேண்டும் என்றால் சிங்கிள் டிரானே போதும் என்பது என் கருத்து, நம் எல்லோருடைய முடியும் நுனியில் மெலிந்துதானே இருக்கிறது. சடை கடைசிவரை தடியாக வர வேண்டும் என்பவர்களுக்கு டபுள் டிரான்.

சரி, பொருத்தும் முறைகள். இங்கேதான் உங்கள் வாழ்க்கைமுறை உள்ளே வருகிறது.

கிளிப் வகை காலையில் மாட்டி ராத்திரி கழற்றுவது. ஒரு பட்டைத் துணியில் முடி தைத்து, பின்புறம் சின்னச் சின்னக் கிளிப்புகள் இருக்கும். இரண்டு காதுக்கும் நடுவே பின்னந்தலையில் ஒரு வகிடு எடுத்து, மேல் முடியை உச்சியில் சுருட்டிக் கட்டிவிட்டு, வகிட்டின் வேர்ப்பக்க முடியைச் சீப்பால் லேசாகப் பின்னோக்கிக் கோதி, கிளிப்பை அங்கே "டிக்" என்று மூட வேண்டும். அப்படிக் கோதாமல் வழுவழுப்பான முடியில் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். பக்கவாட்டில் மாட்டும்போது நெற்றி ஓரத்திலிருந்து இரண்டு விரல்கடை உள்ளே தள்ளி மாட்டுங்கள், காற்றடித்தாலும் வெளியே தெரியாது. தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள், விசேஷத்துக்கு மட்டும் வேண்டும் என்கிறவர்கள், முதல்முறை வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது கிளிப்தான். பிடிக்கவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம், சொந்த முடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஹெல்மெட் போட்டு தினமும் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுகிறவருக்கு, உச்சிக்கு அருகில் மாட்டிய கிளிப் மண்டையில் அழுந்தி நன்றாகவே வலிக்கும். அவர்கள் பையில் எடுத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் மாட்டிக்கொள்வதே மேல்.

டேப் வகையில், இரண்டு ஒட்டும் பட்டைகளுக்கு நடுவில் உங்கள் முடியை மெல்லிய அடுக்காக வைத்து ஒட்டுவார்கள். தட்டையாகப் படிவதால் மெல்லிய முடிக்காரர்களுக்கு வெளியே தெரியாமல் அழகாக இருக்கும், ஹெல்மெட்டுக்கும் தொந்தரவில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் கழற்றி மேலே ஏற்றி ஒட்ட வேண்டும், ஏனென்றால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்கிறது, பட்டையும் அதோடு கீழே இறங்கும். இதற்கு முதல் எதிரி எண்ணெய். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீட்டில் டேப் வைத்தால் பசை இளகி, பட்டை பட்டையாகக் கையோடு வந்துவிடும். எண்ணெயை விட முடியாது என்றால் டேப்பை விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழியில்லை.

கெரட்டின் பாண்ட் என்பது சின்னச் சின்னக் கற்றையாகச் சூடு வைத்து வேருக்கு அருகில் ஒட்டுவது. மூன்று நான்கு மாதம் நிற்கும், எல்லாப் பக்கமும் அசையும், கொஞ்சம் தூக்கிக் கட்டினாலும் இணைப்பு சட்டென்று தெரியாது. ஆனால் வைக்கவே மணிக்கணக்கில் ஆகும், எடுக்கத் தனிக் கரைசலும் பொறுமையான கையும் வேண்டும். மைக்ரோ ரிங் என்பது சின்ன வளையத்துக்குள் சொந்த முடி, ஒட்டுமுடி இரண்டையும் நுழைத்து இடுக்கியால் நசுக்குவது. சூடும் இல்லை, பசையும் இல்லை, ஆனாலும் மெல்லிய முடியில் வளையத்தின் பாரம் ஒரே இடத்தில் இழுக்கும். தைக்கும் வகையில் சொந்த முடியைத் தலையோடு ஒட்டினாற்போல் பின்னி, அதன்மேல் பட்டையைத் தைப்பார்கள். அடர்த்தியான சுருட்டை முடிக்கு அது பலமாக நிற்கும். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில், அடியில் இருக்கும் பின்னல் சீக்கிரம் காயாது, ஈரம் தங்கினால் அரிப்பும் வாடையும் நிச்சயம். அதனால் வியர்க்க வியர்க்க வேலை செய்பவர்களுக்கும் தினமும் ஜிம் போகிறவர்களுக்கும் நான் இதைச் சொல்வதில்லை.

உச்சியில் மட்டும் வகிடு அகலமாகி, மண்டை தெரிகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவுமே தீர்வு இல்லை. அவர்களுக்கு டாப்பர் என்று ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அளவு வலைத்துணியில் முடி கட்டி, உச்சியை மூடுகிற மாதிரி கிளிப்பில் மாட்டுவது. பின்னந்தலைக்கு நீளம் சேர்த்தால், உச்சி இன்னும் மெலிந்ததாகத்தான் தெரியும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். எக்ஸ்டென்ஷனின் முழுப் பாரத்தையும் தாங்குவது உங்கள் வேர்க்கால்தான். ஒரு முழு செட் நூறிலிருந்து இருநூறு கிராம் வரை இருக்கும். முடி மெல்லியதாக இருக்கிறது என்பதால்தான் ஒட்டுமுடி வாங்கவே வருகிறோம், மெல்லிய முடிக்குத் தாங்கும் பலமோ குறைவு. அதனால் மெல்லிய முடிக்காரர்கள் நூறு கிராமைத் தாண்டாமல், நீளத்துக்கு ஆசைப்படாமல் அடர்த்திக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. தொடர்ந்து இழுபட்டால் முதலில் காதோரமும் நெற்றி ஓரமும் முடி மெலியும், அங்கங்கே சின்னப் பருக்கள் வரும், தொட்டால் வலிக்கும். அந்தக் கட்டத்தில் கழற்றிவிட்டால் முடி திரும்ப வளர வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அலட்சியம் செய்தால் அந்த வேர்க்கால் தழும்பாகி, முடி நிரந்தரமாகப் போய்விடும். வைத்த அன்று தலை விண்ணென்று தெறித்தால் "பழகிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அன்றே திரும்பிப் போய்த் தளர்த்தச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்கு அப்புறம் மூன்று நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டும், அது பெரும்பாலும் தானாகவே நிற்கும். அந்தச் சமயத்தில் ஒட்டுவதும் தைப்பதும் வேண்டாம். தைராய்டா, இரும்புச்சத்துக் குறைவா என்று காரணம் தெரியாமல் முடி கொட்டுகிறவர்கள் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள், ஒட்டுமுடி எங்கேயும் போய்விடாது, பிறகு வாங்கிக்கொள்ளலாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மென்மையான உள்துணி வைத்த விக் மட்டும்தான்.

இப்போது முகத்துக்கு வருவோம். முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, நெற்றி, கன்னம், தாடை மூன்றில் எது அகலம், முகத்தின் நீளம் அகலத்தைவிட எவ்வளவு கூட என்று பாருங்கள். வட்ட முகம் என்றால் கன்னத்துக்குப் பக்கத்தில் அடர்த்தி சேரக்கூடாது. தோளைத் தாண்டி நெஞ்சுவரை இறங்கும் நீளம், தாடைக்குக் கீழே தொடங்கும் லேயர், உச்சியில் கொஞ்சம் எடுப்பு, இது முகத்தை நீட்டிக் காட்டும். நீள முகத்துக்கு நேர் எதிர். இடுப்புவரை நேராக வழியும் முடியும் நடு வகிடும் சேர்ந்தால் முகம் இன்னும் நீளும், அவர்களுக்குப் பக்கவாட்டில் அலை அலையாக அடர்த்தி இருப்பதும், நீளம் தோளுக்குச் சற்றுக் கீழே நிற்பதும் அழகு. தாடை சதுரமாக எடுப்பாக இருந்தால் தாடைக்கு நேரே வெட்டி நிறுத்திய முடி அதையே கோடு போட்டுக் காட்டும், மெல்லிய அலையோடு தாடையைத் தாண்டி இறங்கட்டும். நெற்றி அகலம், மோவாய் சிறியது என்றால் அடர்த்தி கழுத்துப் பக்கம் வர வேண்டும். நீள்வட்ட முகத்துக்கு எதுவும் பொருந்தும்.

இதெல்லாம் முடியை விரித்து விடுகிறவர்களுக்குத்தான். நம்மில் பலர் வாரத்தில் ஆறு நாள் சடையோ கொண்டையோதான், அப்போது ஒட்டுமுடி முழுக்க முதுகுப்பக்கம் போய்விடுகிறது. முகத்தைச் சுற்றி இருப்பது உங்கள் சொந்த முடியும் வகிடும்தான், ஆகவே முகவடிவத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்வதில் பொருளில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது உயரமும் கழுத்தும். ஐந்தடிக்குக் குறைவானவர்களுக்கு இடுப்பைத் தாண்டிய தடிச் சடை ஆளையே குறுக்கிக் காட்டும். கழுத்து குட்டையாக இருந்தால் பிடரியில் பெரிய கொண்டை வேண்டாம், சடையாகவே விடலாம். இவர்களுக்கு நல்ல ரெமி முடியில் கட்டிய சவுரியே போதும், ஆயிரக்கணக்கில் கொடுத்து டேப் ஒட்ட அவசியமே இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

நிறத்தில் ஒரு தவறு எல்லோருக்கும் நடக்கிறது. நம் முடி கறுப்பு என்று நம்பி 1 என்ற நம்பர் வாங்குவார்கள். அது மை போன்ற அட்டைக் கறுப்பு, டை அடித்த முடிக்குத்தான் பொருந்தும். டை போடாத நம் முடி பெரும்பாலும் 1பி, வெயிலில் பழுப்பு ஓடுகிற கறுப்பு. இன்னும் பழுப்பாக இருந்தால் 2. கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில், உங்கள் முடியின் வேரோடு இல்லாமல் நுனியோடு வைத்துப் பாருங்கள், ஒட்டுமுடி கலப்பது அங்கேதான். சந்தேகம் இருந்தால் ஒரு படி வெளிறியதையே எடுங்கள், கறுப்பாக்குவது எளிது, வெளிறவைத்தால் முடி பாழாகும்.

நிறத்தைவிட அதிகம் காட்டிக்கொடுப்பது முடியின் தன்மை. தலைக்குக் குளித்து எதுவும் போடாமல் காயவிட்டு, உங்கள் முடி எப்படி நிற்கிறது என்று பாருங்கள், நம்மில் பெரும்பாலோருக்கு லேசான அலை இருக்கும். ஸ்ட்ரெயிட்டனர் போட்ட அன்று கடைக்குப் போய் நேரான முடி வாங்கினால், அடுத்த மழைநாளில் மேலே பம்மென்று சுருண்டும் கீழே குச்சியாக நேராகவும் இரண்டு தலையாகத் தெரியும். அலையான முடியை நீட்டிப் பிடித்துத்தான் அளப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும், 20 அங்குலம் என்று வாங்கியது தொங்கவிட்டால் 18 அங்குலம்தான் தெரியும்.

பராமரிப்பு சுருக்கமாக. ஒட்டுமுடிக்கு உங்கள் மண்டையின் இயற்கை எண்ணெய் போய்ச் சேராது, அதனால் அடிக்கடி ஷாம்பு போட்டால் வறண்டுவிடும். கிளிப் முடியைப் பத்துப் பதினைந்து முறை போட்ட பிறகு அலசினால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் வையுங்கள், முடி சொரசொரப்பாகாது. சிக்கை நுனியிலிருந்து எடுத்துக்கொண்டே மேலே வாருங்கள், வேர்ப்பக்கம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு. கழற்றாமல் தொடர்ந்து வைத்திருப்பவர்கள் ஈரத்தலையோடு படுக்கக்கூடாது, ராத்திரி தளர்வாக ஒரு சடை போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒட்டும் வகையோ தைக்கும் வகையோ எடுப்பதாக இருந்தால், வைக்கும் அன்றே எடுக்கும் தேதியையும் அதற்கான கூலியையும் பேசிவிடுங்கள். பலர் வைக்கும் செலவை மட்டும் கணக்குப் போட்டு, இரண்டு மாதம் கழித்து வீட்டிலேயே இழுத்துப் பிடுங்குகிறார்கள், சேதம் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கிறது. முறையாக எடுத்தாலும் கையில் ஒரு கொத்து முடி வரும், பயப்படாதீர்கள். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு, இணைப்புக்குள் மாட்டிக்கொண்டு கீழே விழாமல் இருந்த முடிதான் மொத்தமாக வருகிறது. அந்த முடியின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் நடுவில் அறுந்த துண்டுகளாக நிறைய வந்தால், அடுத்த செட்டை உடனே ஒட்டச் சொல்லாமல், அறுந்த இடம் வளரும்வரை சில மாதம் தலையைச் சும்மா விடுங்கள்.